எழுத்தும் தாலியும்: அல்பனியில் நடந்த இழுபறி



"வந்த நாட்டு நடப்பு" பகுதிக்கு அண்மையில் வந்த கடிதங்களில் இரண்டை இம்முறை எடுத்துக்கொள்கிறோம். ஒன்று குவீன்ஸில் இருந்து ஓர் அம்மா எழுதியது. இந்த மாநிலத்தில் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கலியாணம் முடிக்கலாம் என்று பிள்ளை பள்ளிக்கூடத்தில் கேட்டுவந்து சொல்கிறதாம். அப்படியென்றால் எங்கள் கோயிலிலும் ஐயர் அதைச் செய்துவைக்க வேண்டி வருமோ, மாட்டேன் என்றால் கோயிலுக்கு ஏதும் வில்லங்கம் வருமோ என்று கேட்டிருக்கிறார். மற்றக் கடிதத்தில் பெயரும் இல்லை, விலாசமும் இல்லை. நாலே வரி. தனக்கு இங்கே அகதி அந்தஸ்துக் கிடைத்துவிட்டது, தன்னுடைய துணைவர் சென்னையில் நிற்கிறார், அவரும் ஒரு ஆண், ஸ்பொன்சர் செய்ய வழி உண்டா என்பதுதான் கேள்வி.

இரண்டுக்கும் பதில் ஒரே கதையில் இருப்பதால் நியூயோர்க் மாநிலத்தில் அந்தச் சட்டம் வந்த விதத்தையே எழுதுகிறோம். சட்டம் படித்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இராது. நாமும் பத்தாம் வகுப்போடு நின்றவர்கள்தான். ஆகையால் எமக்கு விளங்கின விதத்திலேயே சொல்கிறோம். இன்னொன்று, இப்படிப்பட்டவர்களைக் குறிக்க எம்மவர் வாயில் வரும் சொற்களில் அநேகமானவை வசைச் சொற்கள். அவற்றை விட்டு "ஒரே பாலார் திருமணம்" என்றே எழுதுகிறோம்.

ஊரில் கலியாணம் என்றால் இரண்டு காரியம். ஒன்று எழுத்து. பதிவுகாரர் வருவார், சாட்சிகள் கையெழுத்து வைப்பார்கள், ஒரு தேத்தண்ணியோடு அலுவல் முடிந்துவிடும். மற்றது தாலிகட்டு. எழுத்து முடிந்து ஆறு மாதம் ஆனாலும் தாலி ஏறாத பெண்ணைச் சனம் இன்னும் குமர் என்றுதான் சொல்லும். அரசாங்கமோ நேர்மாறு. அதற்குத் தாலியும் தெரியாது, கூறையும் தெரியாது, துண்டுதான் தெரியும். இடம்பெயர்ந்து திரிந்த நாட்களில் ஏதோ ஒரு கோயிலில் தாலியை மட்டும் கட்டி, எழுத்தைப் பிறகு பார்ப்போம் என்று விட்ட குடும்பங்கள் பின்னர் தூதரகங்களில் பட்ட பாட்டை இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மூன்று பிள்ளை பெற்ற மனுசியைக் காட்டி, இவர் உங்கள் மனைவி என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்பார்கள்.

இங்கும் அதே இரண்டு காரியந்தான். முதலில் நகரசபைக் கிளார்க்கிடம் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். நியூயோர்க் நகரத்துக்குள் அதற்கு 35 டொலர். எடுத்து 24 மணித்தியாலம் கழிந்த பின், 60 நாட்களுக்குள் கலியாணம் நடக்க வேண்டும். அதைக் கிளார்க்கும் நடத்தலாம், பாதிரியாரும் நடத்தலாம், நகரசபையில் பதிந்திருந்தால் எங்கள் ஐயரும் நடத்தலாம். ஆக, ஐயரே எழுத்துக்கும் கையெழுத்து வைத்துவிடுகிறார். இந்த இடத்தில்தான் எழுத்தும் தாலியும் ஒன்றோடொன்று சிக்குப்படுகின்றன. அல்பனியில் நடந்த வழக்காடல் முழுவதும் எழுத்தைப் பற்றியது. ஆனால் தாலியைப் பற்றியது என்று பலர் பயந்தபடியால்தான் அது இத்தனை வருடம் இழுபட்டது என்பது எமது அபிப்பிராயம்.

முதலில் வழக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2006 யூலை 6 ஆம் திகதி மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றம் நாலுக்கு இரண்டு என்ற கணக்கில் கைவிரித்துவிட்டது. மாநில அரசியலமைப்பு இதைக் கட்டாயப்படுத்தவில்லை, வேண்டுமானால் சட்டசபை செய்யட்டும் என்பது தீர்ப்பு. அந்த வழக்கில் தன் துணைவரோடு சேர்ந்து முறையிட்டவர்களில் ஒருவர் அசெம்பிளி உறுப்பினர் டானியல் ஓ'டொனல். கோர்ட்டில் தோற்ற அவரே பின்னர் அசெம்பிளியில் சட்டமூலத்தைக் கொண்டுவந்தார்.

மாநிலச் சட்டசபைக்கு இரண்டு சபைகள். 150 பேர் கொண்ட அசெம்பிளி ஒன்று, செனட் மற்றது. செனட்டில் அப்போது 62 பேர். அசெம்பிளியில் ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை. 2007 இல் 85 க்கு 61, 2009 மே மாதத்தில் 89 க்கு 52 என்று நிறைவேற்றி அனுப்பினார்கள். அனுப்பினதெல்லாம் செனட் வாசலில் கிடந்தது. 2007 இல் குடியரசுக் கட்சியின் கையில் இருந்த செனட் அதைத் தொட்டும் பார்க்கவில்லை. 2008 தேர்தலில் ஜனநாயகக் கட்சி 32 ஆசனம் எடுத்தது. இனிச் சரி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

2009 டிசம்பர் 2 ஆம் திகதி வாக்கெடுப்பு. ஆதரவு 24, எதிர்ப்பு 38. குடியரசுக் கட்சியின் 30 பேரில் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. அது எதிர்பார்த்ததுதான். ஜனநாயகக் கட்சியிலேயே 8 பேர் எதிர்த்ததுதான் அடி. அன்றைய பேச்சுகளில் இன்றும் நினைவுகூரப்படுவது டயான் சவினோவின் பேச்சு. ஸ்ரேற்றன் ஐலன்டின் வடகரை இவருடைய தொகுதிக்குள் இருந்தது. விக்ரறி வீதியில் இலங்கைக் கடைகளுக்குப் போய்வந்தவர்களுக்கு அந்த இடம் தெரியும். யாரோ முன்பின் தெரியாத ஒரு ஆணைக் கூட்டிக்கொண்டு போய் நான் அனுமதிப்பத்திரம் கேட்டால் கிளார்க் தந்துவிடுவார், உங்கள் உறவு எப்படிப்பட்டது என்று ஒரு கேள்வியும் கேட்கமாட்டார், இருபது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களிடம் மட்டும் ஏன் இத்தனை கேள்வி என்ற பொருளில் பேசினார். நல்ல பேச்சு. வாக்கு மட்டும் விழவில்லை.

எதிர்த்தவர்களில் அநேகர் வாயே திறக்காமல் வாக்குப் போட்டார்கள். எழும்பி நின்று காரணம் சொன்னவர் புறொங்ஸ் பகுதியின் ரூபன் டியாஸ். பெந்தெகொஸ்தே சபைப் போதகர். தன்னுடைய வேதம் இதை ஏற்காது என்று வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய முடிவோடு எமக்கு உடன்பாடில்லை. ஆனாலும் பேசாமல் இருந்து கழுத்தறுத்தவர்களைவிட அவர் எவ்வளவோ மேல்.

2010 இல் எதிர்த்தவர்கள் சிலர் தங்கள் ஆசனங்களை இழந்தார்கள். குவீன்ஸின் வடகிழக்கில் முப்பது வருடத்துக்கு மேலாக இருந்த பிராங் படவானும் அவர்களில் ஒருவர். தோல்விக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் மற்றவர்களுக்கு ஒரு பயம் பிடித்தது. எதிர்த்து வாக்களித்தால் ஒரு விலையும் இல்லை என்று அதுவரை நினைத்திருந்தார்கள்.

2011 இல் அன்ட்ரூ குவோமோ ஆளுநர். செனட் திரும்பவும் குடியரசுக் கட்சியின் கையில், 32 க்கு 30. கணக்குப் பார்த்தால் 2009 ஐவிட நிலைமை மோசம். யூன் 13 ஆம் திகதி ஜனநாயகக் கட்சியில் முன்பு எதிர்த்த மூவர் மாறினார்கள். அதனால் டியாஸைத் தவிர மற்ற 29 பேரும் ஆதரவு. அதே நாளில் குடியரசுக் கட்சியின் ஜேம்ஸ் அலேசி முதல் ஆளாகத் தாண்டி வந்தார். 2009 இல் எதிர்த்து வாக்குச் சொல்லிவிட்டுத் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு இருந்தவர் இவர். அடுத்த நாள் வியட்னாம் யுத்தத்தில் நின்ற றோய் மக்டொனல்ட். பத்திரிகைக்காரர் துளைத்தபோது அச்சில் போட முடியாத ஒரு சொல்லோடு, சரியானதைச் செய்கிறேன், பிடிக்காவிட்டால் விடுங்கள் என்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போனார். யூன் 15 ஆம் திகதி அசெம்பிளி 80 க்கு 63 என்று நிறைவேற்றியது.

இப்போது கணக்கு 31. தேவை 32. அந்த ஒரு வாக்கில் பத்து நாள் நின்றது.

அந்தப் பத்து நாளும் மற்ற அலுவல்களும் நடக்காமல் இல்லை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதே யூன் 15 ஆம் திகதி காலாவதியாகியிருந்தது. ஒரு மூடின அறையில் வாடகை, அடுத்த அறையில் கலியாணம் என்று பேரம் நடந்தது. அறைக்குள் குடியரசுக் கட்சியார் மணித்தியாலக் கணக்காக இருந்து பேசியது, இதை வாக்குக்கு விடுவதா இல்லையா என்பதைத்தான். வாக்குக்கு விடாவிட்டால் 32 இருந்தும் பயனில்லை. பெரும்பான்மைத் தலைவர் டீன் ஸ்கெலோஸ் தான் எதிர்த்தாலும், வாக்கெடுப்பைத் தடுக்கவில்லை.

முடிச்சை அவிழ்த்தது மதம் பற்றிய பிரிவு. பூக்கீப்சிப் பகுதியின் ஸ்ரீபன் சாலன்ட் முதலானோர் அதை எழுத்தில் கேட்டு வாங்கினார்கள். எந்த மதகுருவும் எந்தத் திருமணத்தையும் நடத்தக் கட்டாயப்படுத்தப்படமாட்டார். மத நிறுவனம் தன் மண்டபத்தைக் கொடுக்க மறுத்தால் வழக்குப் போட முடியாது. அதற்காக அரசாங்கம் அந்த நிறுவனத்தைத் தண்டிக்கவும் முடியாது. அதோடு ஒரு பூட்டு: இதில் ஒரு பகுதியை நீதிமன்றம் செல்லாது என்றால் முழுச் சட்டமும் செல்லாது. கோயிலுக்குக் கொடுத்த வாக்கைப் பின்னால் கழற்றிவிட்டு எழுத்தை மட்டும் வைத்திருக்க முடியாது என்பது அதன் கருத்து.

ஆகையால் அந்த அம்மாவுக்கு எமது பதில்: இல்லை. ஐயரை ஒருவரும் இழுத்துக்கொண்டு போக முடியாது. கோயில் மண்டபத்தையும் கேட்க முடியாது. ஆனால் இந்தப் பாதுகாப்பு கோயிலுக்குத்தான், வியாபாரத்துக்கு அல்ல. எம்மவரில் மண்டபம் வாடகைக்கு விடுகிறவர்கள், கேக் அடிக்கிறவர்கள், வீடியோ எடுக்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அல்பனிக்கு அப்பால் ஒரு பண்ணைக்காரர் தங்கள் இடத்தில் இரண்டு பெண்களின் கலியாணத்தை நடத்த மறுத்ததற்கு 2014 இல் 13,000 டொலர் கட்டச் சொன்னார்கள். 2016 இல் மேன்முறையீட்டிலும் அது நின்றது. இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

யூன் 24, வெள்ளிக்கிழமை இரவு. சாலன்ட் எழும்பி ஆதரவு என்றார். அது 32. பவலோ நகரத்தின் மார்க் கிறிசான்ரி 33. கிறிசான்ரி ஒரு கத்தோலிக்கர், தொழிலால் சட்டத்தரணி. முந்திய வருடத் தேர்தலில் இதை எதிர்ப்பதாகச் சொல்லி வந்தவர். சட்டப்படி எதிர்க்க ஒரு நியாயமும் தனக்கு அகப்படவில்லை என்று அன்று சொன்னார். 33 க்கு 29. நடுச்சாமத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கக் குவோமோ கையெழுத்து வைத்தார். முப்பதாம் நாள், யூலை 24, ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் நியூயோர்க் நகரக் கந்தோர்களைத் திறந்து வைத்துப் பதிந்தார்கள்.

அந்த நாலு குடியரசுக் கட்சியார் என்ன ஆனார்கள்? அலேசி 2012 இல் போட்டியிடவே இல்லை. மக்டொனல்ட் தன் கட்சிக்குள்ளேயே தோற்றார். சாலன்ட் கட்சிக்குள் மயிரிழையில் தப்பிப் பொதுத் தேர்தலில் தோற்றார். கிறிசான்ரி 2012 இல் தப்பி 2014 இல் கட்சிக்குள் விழுந்தார்.

இனிப் பெயர் போடாத கடிதம். மாநிலம் பதிந்துவிட்டது. ஆனால் ஸ்பொன்சர் மாநிலத்தின் கையில் இல்லை, வாசிங்டனின் கையில். 1996 இல் வந்த ஒரு மத்திய சட்டம் கலியாணம் என்றால் ஆணும் பெண்ணும் என்று மட்டுமே கணக்கெடுத்தது. அதனால் 2011 இல் நியூயோர்க்கில் முறைப்படி பதிந்தவர்கள்கூட துணையைக் கூப்பிட முடியாமல் இருந்தார்கள். அதை உடைத்தவர் நியூயோர்க்கில் வாழ்ந்த எடித் வின்ட்சர். 2007 இல் ரொறன்ரோவுக்குப் போய் தியா ஸ்பயர் என்ற பெண்மணியை மணந்தவர். 2009 இல் தியா இறந்தபோது, மனைவியாகக் கணக்கெடுக்காதபடியால் 363,053 டொலர் மரண வரி கட்டவேண்டி வந்தது. உச்ச நீதிமன்றம் 2013 யூன் 26 இல் ஐந்துக்கு நாலு என்று அவர் பக்கம் தீர்த்தது. அதன் பின்னரே குடிவரவுக் கந்தோர் இத்தகைய தம்பதிகளின் படிவங்களை ஏற்கத் தொடங்கியது. 2015 யூன் 26 இல் எல்லா மாநிலங்களுக்கும் உரிமை வந்தது. 2022 டிசம்பரில் காங்கிரஸ் பழைய 1996 சட்டத்தை நீக்கி, இத்தகைய பதிவை மத்திய அரசு ஏற்கவேண்டும் என்று சட்டமே செய்தது.

ஆகவே தம்பிக்குச் சொல்வது: வழி உண்டு, ஆனால் சுற்று வழி. அகதி அந்தஸ்தின் பேரில் துணையைக் கூப்பிடுவதென்றால், அந்தஸ்துக் கிடைக்கு முன்பே கலியாணம் நடந்திருக்க வேண்டும். இது ஆண் பெண் தம்பதிகளுக்கும் அதே விதிதான். பின்னர் என்றால், இதைப் பதியும் ஒரு நாட்டில் எழுத்து முடித்து, கிறீன் கார்ட் எடுத்தபின் மனுப் போட வேண்டும். இலங்கையில் அந்தப் பதிவு இல்லை. இந்திய உச்ச நீதிமன்றமும் 2023 ஒக்ரோபர் 17 இல், இது பாராளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டது. 2006 இல் நியூயோர்க் நீதிமன்றம் சொன்ன அதே பதில். தாய்லாந்து 2025 ஜனவரி 23 முதல் பதிகிறது. சென்னையில் நிற்பவரிடம் கடவுச்சீட்டு இல்லையென்றால் அது இன்னொரு மலை. நீங்கள் பிரசாவுரிமை எடுத்தபின் என்றால், இரண்டு வருடத்துக்குள் நேரில் சந்தித்ததைக் காட்டி, மணம் முடிக்க வருபவருக்கான விசாவும் கேட்கலாம். எதைச் செய்வதென்றாலும் முதலில் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள். தெரிந்த அண்ணர் ஒருவர் படிவம் நிரப்பித் தருவார் என்று போகவேண்டாம்.

பெயர் போடாததற்குக் கடிதத்தின் அடியில் மன்னிப்பும் கேட்டிருந்தீர்கள். இந்த மாநிலத்தில் நீங்கள் கிளார்க்குக்குப் பயப்படத் தேவையில்லை, பொலிசுக்கும் பயப்படத் தேவையில்லை. நீங்கள் பயந்தது இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் எங்களுக்குத்தான். வாசிக்கிறவர்கள் அதையும் கொஞ்சம் யோசிக்கட்டும். மேலும் விபரம் வேண்டுமென்றால் பெயர் இல்லாமலே திரும்பவும் எழுதுங்கள், பதில் போடுவோம்.

2011 யூனில் அடுத்த அறையில் நடந்த வாடகைப் பேரத்தைப் பற்றி மேலே ஒரு வரி எழுதினோம். அந்தச் சட்டம் 2019 இல் பெரிதாக மாறியது. வீட்டுக்காரர் எவ்வளவு முற்பணம் கேட்கலாம், எப்போது எழுப்பலாம் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.