யாருக்கும் உறுத்தவில்லையா?

ஷேக்ஸ்பியரின் ‘தி டேமிங் ஆஃப் த ஷ்ரூ’ நாடகத்தை இன்றைய தராசில் நிறுக்கக் கூடாதாம். அந்தக் காலத்தில் அது யாருக்கும் உறுத்தவில்லையாம். நண்பர் ஒருவர் எழுதுகிறார்.

மேடையில் நடப்பதைப் பார்ப்போம். பெட்ரூச்சியோ, கட்டிய மனைவி கேத்தரினாவைப் பட்டினி போடுகிறான். தூங்க விடுவதில்லை. பகல் வெளிச்சத்தில் சூரியனை நிலா என்று சொல்லவைக்கிறான். வல்லூறைப் பழக்கும் வித்தை இது என்று பீற்றிக்கொள்வதும் அவனே. கடைசிக் காட்சியில், கூப்பிட்டதும் யார் மனைவி வருவாள் என்று மூன்று கணவன்மார் 100 கிரவுன் பந்தயம் கட்டுகிறார்கள். வென்ற மருமகனுக்கு மாமனார் மேலும் 20,000 கிரவுன் சீர் தருகிறார். பணிவுக்கு விலைச்சீட்டே ஒட்டியாயிற்று! இதற்கு நண்பர் வைத்த பெயர் ‘இல்லற இசைவு’.

சரி, அந்தக் காலத்துக்கே போவோம். ஷேக்ஸ்பியரோடு சேர்ந்து நாடகம் எழுதிய ஜான் பிளெட்சரே இதற்கொரு தொடர்ச்சி எழுதினார். கேத்தரினா இறந்தபின் பெட்ரூச்சியோ மரியாவை மணக்கிறான். முதலிரவில் அவள் அவனை வெளியே நிறுத்திக் கதவை அடைத்துவிடுகிறாள். அவன் நோயாளியாக நடித்தால், கொள்ளைநோய் என்று அறிவித்து வீட்டைப் பூட்டவைக்கிறாள். பிணமாக நடித்தும் பருப்பு வேகவில்லை.

1633 நவம்பரில் மன்னர் முதலாம் சார்லஸ் முன்னிலையில் இரண்டு நாடகங்களும் இரு நாள் இடைவெளியில் நடந்தன. அரசவைக் கேளிக்கை அதிகாரி குறித்து வைத்திருக்கிறார்: ஷேக்ஸ்பியருடையது பிடித்திருந்தது, பிளெட்சருடையது மிகவும் பிடித்திருந்தது.