கொரிய நாடகங்கள்: எது மெய், எது கனவு?

பள்ளி விடுமுறை நாள். இரவு மணி பதினொன்று. உயர்நிலை மூன்றில் படிக்கும் மாணவி ஒருத்தி வரவேற்பறையில் அமர்ந்து கொரிய நாடகம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அருகில் அவளுடைய பாட்டி. மொழி புரியாவிட்டாலும் பாட்டியும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தென்கொரியச் செல்வந்தர் வீட்டுப் பெண் ஒருத்தி வான்குடையுடன் பறந்துகொண்டிருக்கும்போது சூறாவளியில் சிக்கி, எல்லைக்கு அப்பால் வடகொரிய மண்ணில் போய் விழுகிறாள். மரக்கிளையில் தொங்கும் அவளை அந்நாட்டு இராணுவ அதிகாரி ஒருவர் காண்கிறார்.

"இப்படியெல்லாம் எங்கேயாவது நடக்குமா?" என்று பாட்டி கேட்கிறார்.

"நடக்காது பாட்டி. ஆனால், பார்க்காமல் இருக்க முடியவில்லை," என்று பேத்தி சிரிக்கிறாள்.

கொரிய நாடகங்களைப் பற்றிய விவாதம் முழுவதும் இந்த இரண்டு வரிகளுக்குள் அடங்கிவிடுகிறது. நடக்காது என்று தெரிந்தும் கோடிக்கணக்கானவர்கள் அவற்றைப் பார்க்கிறார்கள், கண் கலங்குகிறார்கள், அடுத்த நாள் நண்பர்களிடம் அதைப் பற்றியே பேசுகிறார்கள். 2002இல் வெளிவந்த 'வின்டர் சொனாட்டா' ஜப்பானியர்களைக் கவர்ந்தது. அதன் காட்சிகள் படமாக்கப்பட்ட நாமி தீவு வெளிநாட்டவர் தேடிச் செல்லும் இடமானது. அடுத்த ஆண்டு தொடங்கிய 'தே ஜாங் கும்' அரண்மனைச் சமையலறையையும் பழங்கால மருத்துவத்தையும் ஆசியா முழுவதும் கொண்டு சென்றது. 2021இல் 'ஸ்குவிட் கேம்' உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. இவற்றின் கவர்ச்சியை எவராலும் மறுக்க முடியாது. ஆனால், இவற்றில் எவ்வளவு மெய், எவ்வளவு கனவு என்பதைப் பிரித்தறியும் திறன் பார்வையாளர்களுக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கவர்ச்சிக்கான காரணங்களை முதலில் பார்க்கலாம். பெரும்பாலான கொரிய நாடகங்கள் ஏறத்தாழ 16 பகுதிகளில் முடிந்துவிடுகின்றன. வாரத்திற்கு இரண்டு பகுதிகள் என்றால் இரண்டே மாதங்களில் கதை நிறைவுறும். ஆண்டுக்கணக்கில் இழுத்துச் செல்லப்படும் தொடர்களில் கதாபாத்திரங்கள் நிறம் மாறுவதும் இறந்தவர் திரும்பி வருவதும் வழக்கம். முடிவை முன்கூட்டியே திட்டமிடும் கதைக்கு அத்தகைய அவசியம் குறைவு. மேலும், பல நாடகங்களின் கதையையும் வசனத்தையும் தொடக்கத்திலிருந்து இறுதிவரை ஒரே எழுத்தாளர் எழுதுகிறார். அதனால் முதல் பகுதியில் மேசைமேல் கிடந்த ஒரு குடைக்குக்கூட கடைசிப் பகுதியில் ஒரு பொருள் கிடைத்துவிடுகிறது. குடும்பம் ஒன்றாக அமர்ந்து உண்ணும் காட்சிகளும் மூத்தோர்க்குத் தலைவணங்கும் பழக்கமும் ஆசியப் பார்வையாளர்களுக்குத் தங்கள் வீட்டையே நினைவூட்டுகின்றன.

இவற்றைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கொரிய நாடகங்கள் பெரிய செய்திகளில் கற்பனையாகவும் சிறிய செய்திகளில் உண்மையாகவும் இருக்கின்றன. பாட்டியும் பேத்தியும் பார்த்த 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 2019ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய அந்நாடகத்தின் கதை நம்பவே முடியாதது. ஆனால், அதில் வரும் வடகொரியக் கிராமம் அப்படிப்பட்டதன்று. திடீரென மின்சாரம் போகிறது. மக்கள் பதற்றப்படாமல் மெழுகுவர்த்தியை ஏற்றுகிறார்கள். பெண்கள் கூடிக் குளிர்காலத்திற்கான கிம்ச்சியைத் தயாரிக்கிறார்கள். மின்சாரம் இல்லாமல் நடுவழியில் நின்றுவிட்ட இரயிலிலிருந்து பயணிகள் இறங்கி, வயல்வெளியில் நெருப்பு மூட்டி இரவைக் கழிக்கிறார்கள். வடகொரியாவிலிருந்து வெளியேறி வந்த ஒருவர் இந்நாடகத்தின் எழுத்துக் குழுவில் இடம்பெற்றிருந்தார். இதனால்தான் அங்கிருந்து வந்த பலரும் அந்தக் காட்சிகளில் தங்கள் ஊரைக் கண்டார்கள்.

ஆபத்தும் இங்கேயே தொடங்குகிறது. சின்னச் சின்ன விவரங்கள் உண்மையாக இருப்பதால், அவற்றோடு சேர்ந்து வரும் கனவும் உண்மைபோல் தோன்றிவிடுகிறது. மெழுகுவர்த்தி மெய்யென்றால், அதன் ஒளியில் தெரியும் அந்த அழகான அதிகாரியும் மெய்யென்று மனம் நம்பத் தொடங்குகிறது. அந்நாட்டின் பசியும் சிறைமுகாம்களும் பெரும்பாலும் திரைக்கு வெளியே நின்றுவிடுவதை மனம் கவனிப்பதில்லை.

வறுமையைக் காட்டும் முறையிலும் இதைக் காணலாம். ஏழைக் கதாநாயகி பல நாடகங்களில் மாடிக்கூரையின்மேல் அமைந்த ஒற்றை அறையில் வசிப்பாள். வாசலில் ஒரு மரமேடை. எதிரே விளக்குகள் மின்னும் சோல் நகரம். பார்ப்பவருக்கு அங்கே குடியேற ஆசை வரும். அத்தகைய கூரை அறைகள் சோல் நகரில் உண்மையாகவே இருக்கின்றன. ஆனால், கோடையில் அவை அடுப்பாகக் கொதிக்கும், குளிர்காலத்தில் உறைந்துபோகும். வாடகை குறைவு என்பதால்தான் மாணவர்களும் குறைந்த வருமானம் உடையவர்களும் அங்கே வசிக்கிறார்கள். அறை மெய், அதில் வாழ்வதன் வலி மட்டும் காணாமற்போகிறது.

காதலும் அப்படித்தான். நாடகங்களைப் பார்ப்பவர், கொரிய இளையர் அனைவரும் காதலிலும் திருமணத்திலும் திளைப்பதாக எண்ணக்கூடும். ஆனால், 2023ஆம் ஆண்டில் தென்கொரியப் பெண் ஒருவர் தம் வாழ்நாளில் பெறக்கூடிய குழந்தைகளின் சராசரி எண்ணிக்கை 0.72 ஆகக் குறைந்தது. அது உலகின் மிகக் குறைந்த விகிதங்களுள் ஒன்று. வீட்டு விலை, வேலை நேரம், பிள்ளைகளின் கல்விச் செலவு ஆகியவற்றை எண்ணி இளையர் பலர் திருமணத்தையே தள்ளிப்போடுகிறார்கள். கனவு நாடகங்கள் அங்கே விரும்பிப் பார்க்கப்படுவதற்கு இந்த நிலையும் ஒரு காரணமாக இருக்கலாம். கையில் இல்லாததைத்தானே மனிதர்கள் கனவில் தேடுவார்கள்?

கனவு எல்லா நேரமும் தீங்கற்றது என்று சொல்லிவிட முடியாது. 2009இல் புகழ்பெற்ற 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்' நாடகத்தில், செல்வந்தர் வீட்டு மாணவன் தனக்குப் பிடிக்காதவர்களுக்குச் சிவப்பு அட்டை கொடுப்பான். அட்டை பெற்றவரைப் பள்ளியே சேர்ந்து துன்புறுத்தும். அவனை எதிர்த்து நின்ற ஏழை மாணவிக்கும் அதே நிலை ஏற்படுகிறது. பின்னர், அவனே அவளுடைய காதலனாகிறான். அக்காலத்து நாடகங்கள் பலவற்றில் நாயகன் நாயகியின் மணிக்கட்டைப் பிடித்து, அவள் விருப்பத்தைக் கேட்காமலேயே இழுத்துச் செல்வான். பின்னணியில் இனிய பாடல் ஒலிக்கும். பாடலை நிறுத்திவிட்டு அந்தக் காட்சியைப் பார்த்தால், எஞ்சுவது வன்முறை. கொரியாவிலேயே இதற்குக் கண்டனம் எழுந்தது. அண்மைய நாடகங்களில் இத்தகைய காட்சிகள் குறைந்துள்ளன. துன்புறுத்துவதுதான் அன்பின் தொடக்கம் என்று பதினைந்து வயதில் ஒருவர் நம்பிவிட்டால், அதன் விலையை அவர் நிஜ வாழ்க்கையில் கொடுக்க நேரிடும்.

இதனால் கொரிய நாடகங்கள் அனைத்தும் பொய் என்று முடிவு கட்டுவது தவறு. கனவை விற்காத நாடகங்களும் அங்கே உள்ளன. 2014இல் ஒளிபரப்பான 'மிசெங்' அவற்றுள் ஒன்று. கொரியர்கள் 'பாடுக்' என்று அழைக்கும் பலகை விளையாட்டில், இன்னும் உயிர்நிலை பெறாத காய்களை 'மிசெங்' என்பர். அந்த விளையாட்டில் தொழில்முறை ஆட்டக்காரராக முயன்று தோற்ற இளைஞன், பட்டம் எதுவுமின்றி ஒரு வணிக நிறுவனத்தில் தற்காலிக ஊழியனாகச் சேர்கிறான். அங்கே அவனுக்குக் காதல் கதை இல்லை. நள்ளிரவுவரை வேலை, அவமானம், சிறு சிறு வெற்றிகள் ஆகியவையே உள்ளன. அவன் எவ்வளவு உழைத்தும் அந்நிறுவனம் அவனை நிரந்தர ஊழியனாக்கவில்லை. அந்தக் கதை மக்களை எவ்வளவு தொட்டது என்றால், தற்காலிக ஊழியர்களின் ஒப்பந்தக் காலத்தை நீட்டிக்க அந்நாட்டு அரசாங்கம் முன்வைத்த திட்டத்தை ஊடகங்கள் அந்தக் கதாபாத்திரத்தின் பெயராலேயே குறிப்பிட்டன.

உண்மையைச் சொன்னால் மட்டும் போதுமா? அதைப் பார்ப்பவர் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டாமா? இந்தக் கேள்வியை எழுப்புகிறது 'ஸ்கை காசில்'. தென்கொரியாவில் ஆண்டுதோறும் நவம்பரில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு நடைபெறுகிறது. ஆங்கிலக் கேட்டல் தேர்வின்போது சத்தம் எழாமல் இருக்க, விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும்கூட நிறுத்தப்படுகின்றன. அந்த நெருக்கடி சில குடும்பங்களை எப்படிச் சிதைக்கிறது என்பதை 2018இல் தொடங்கிய அந்நாடகம் கூர்மையாகக் காட்டியது. பிள்ளையை முதலிடத்திற்குக் கொண்டுவரப் பெருந்தொகை வாங்கும் கல்வி ஆலோசகர்தான் அதில் வரும் பேரழிவுக்குக் காரணம். ஆனால், நாடகம் ஒளிபரப்பானபோது சில பெற்றோர் அத்தகைய ஆலோசகர்களைத் தேடத் தொடங்கியதாகச் செய்திகள் வெளிவந்தன. நாடகத்தில் மாணவி தன்னைப் பூட்டிக்கொண்டு படிக்கும் பெட்டி போன்ற சிற்றறையும் அப்போது பேசுபொருளாகி, விற்பனைப் பொருளாகவும் ஆனது. எச்சரிக்கைப் பலகையை வழிகாட்டிப் பலகையாக எடுத்துக்கொண்டனர் சிலர். நாடகம் உண்மை பேசியும் அவர்கள் ஏமாந்தார்கள்.

இதற்கு நேர்மாறான நிகழ்வும் உண்டு. 2022இல் வெளிவந்த 'எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ' நாடகத்தில், மதியிறுக்கம் உடைய இளம் வழக்கறிஞர் ஒருவர் அபார நினைவாற்றலால் வழக்குகளை வெல்கிறார். மதியிறுக்கம் உடையவர்களுள் பெரும்பாலோர்க்கு அத்தகைய அபூர்வ ஆற்றல் இருப்பதில்லை என்று சிலர் சுட்டிக்காட்டினர். அது நியாயமான கருத்தே. நாடகமும் அதை மறைக்கவில்லை. பேசவே சிரமப்படும் ஓர் இளைஞரை மற்றொரு பகுதியில் காட்டி, ஒவ்வொருவரும் வேறுபட்டவர் என்பதை உணர்த்தியது. அந்நாடகத்தில் சாலைப் பணியால் ஒரு கிராமமும் அங்குள்ள பழைமையான மரமும் அழிய இருக்கும் கதை வருகிறது. வழக்குக் கற்பனை, ஆனால், சாங்வொன் நகரில் அந்த மரம் உண்மையாகவே நிற்கிறது. நாடகத்திற்குப் பிறகு மக்கள் அதைக் காணத் திரண்டனர். அதே ஆண்டில் அரசாங்கம் அம்மரத்தை இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்தது. கற்பனைக் கதை ஒன்று நிஜ மரத்திற்குக் காவலாக அமைந்தது.

"நாடகம் வெறும் பொழுதுபோக்குதானே? அதற்கு எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி?" என்று இளையர் சிலர் கேட்கலாம். பொழுதுபோக்கும் மனத்தில் தடம் பதிக்கும் என்பதற்கு மேலே சொன்ன எடுத்துக்காட்டுகளே சான்று. "எல்லாம் பொய், பார்ப்பது நேர விரயம்," என்று பெரியவர்கள் சிலர் கூறலாம். அப்படித் தடுப்பதால் பிள்ளைகள் தனியே, கைப்பேசியில், யாரிடமும் கேள்வி கேட்காமல் பார்ப்பார்கள். இரண்டு கருத்துகளும் சிந்திக்கும் பொறுப்பைத் தட்டிக்கழிக்கின்றன.

"இது நடக்குமா?" என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், வேறு சில கேள்விகளையும் பார்வையாளர்கள் கேட்கலாம். இந்தக் கதை எதைக் காட்டவில்லை? இந்தக் காட்சியில் இசை இல்லாவிட்டால் அது எப்படித் தோன்றும்? எல்லாக் கதாபாத்திரங்களும் ஒரே கடையின் காப்பியையே ஏன் குடிக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு விடை எளிது. நாடகங்களில் வணிகப் பொருள்களை விளம்பரமாக இடம்பெறச் செய்யக் கொரியச் சட்டம் 2010 முதல் அனுமதிக்கிறது. மற்றக் கேள்விகளுக்கான விடைகளை ஒவ்வொருவரும் தேடத்தான் வேண்டும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்ற முதுமொழி திரைக்கும் பொருந்தும்.

அப்படிக் கேள்வி கேட்பதால் நாடகத்தின் சுவை குறைந்துவிடாது. மாயவித்தையின் இரகசியம் தெரிந்தவர் வித்தைக்காரரின் கைத்திறனை இன்னும் அதிகமாக இரசிப்பார். அதுபோல, எது மெய், எது கனவு என்று அறிந்தவரே நாடகத்தை முழுமையாக இரசிக்க முடியும்.

வரவேற்பறையில் அந்தப் பகுதி முடிகிறது. "அந்த ஊரில் கரண்டு போனதும் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை, பார்த்தாயா? நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் கம்பத்திலும் அப்படித்தான்," என்கிறார் பாட்டி. பேத்தி திரையை நிறுத்திவிட்டுப் பாட்டியின் பக்கம் திரும்பி அமர்கிறாள். அன்று இரவு அந்த வீட்டில் அடுத்த பகுதி ஓடவில்லை.