நம் வீட்டுத் திண்ணை: குறிப்பேட்டில் அழிந்த எழுத்து



கணினி விளையாட்டு என்றாலே நம் இல்லத்தில் இதுவரை நல்ல பெயர் இருந்ததில்லை. பகல் முழுதும் ரயில்வே அலுவலகத்தில் சரக்குக் கணக்கு எழுதிவிட்டு மாலையில் வீடு திரும்பினால், மகள் கைபேசியில் யாரையோ துப்பாக்கியால் சுட்டுக்கொண்டிருப்பாள். அதட்டுவதும் பிடுங்கி வைப்பதும் நம் அன்றாடக் கடமைகளாகிவிட்டன. ஆகவே, பொறியியற் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த எதிர்வீட்டுப் பிள்ளை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து, "மாமா, இதையும் பார்த்துவிட்டுத் திட்டுங்கள்" என்றபோது அரை மனத்தோடுதான் அமர்ந்தோம்.

விளையாட்டின் பெயர் 'வெண்பா'. 2023ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் வெளிவந்தது. கதை 1988இல் தொடங்குகிறது. வெண்பா என்னும் தமிழ்ப் பெண், கணவன் பாவலனுடன் கனடாவில் குடியேறியிருக்கிறாள். அங்கே மகன் கவின் பிறக்கிறான். அவளிடம் தன் தாயார் தந்த சமையற் குறிப்பேடு ஒன்றுண்டு. அதன் ஏடுகள் கிழிந்தும் எழுத்துகள் அழிந்தும் போயின. எஞ்சிய வரிகளையும் படங்களையும் கொண்டு, விடுபட்டதை ஊகித்துச் சமைக்க வேண்டும், அதுவே ஆட்டம். இட்டிலித் தட்டுகளை எவ்வரிசையில் அடுக்கினால் மேல் தட்டின் குழி கீழ்த் தட்டு இட்டிலியை நசுக்காது என்பதை ஆடுபவரே கண்டறிதல் வேண்டும். புட்டுக் குழலுக்குள் மாவும் தேங்காய்த் துருவலும் எந்த முறையில் செல்லும் என்பதும் அவ்வாறே. தவறினால் தண்டனை இல்லை, மீண்டும் செய்யலாம். சமைக்கும்போது வானொலியில் தமிழ்ப் பாட்டு ஒலிக்கிறது. அந்தந்தக் காலத்துத் திரையிசையின் சாயலில் இவ்விளையாட்டிற்கென்றே புதிதாக அமைத்த பாடல்கள் அவை.

இதை ஆக்கியவர்கள் டொராண்டோ நகரத்து 'விசை கேம்ஸ்' என்னும் சிறு நிறுவனத்தார். இத்தொழிலின் பெருநிறுவனங்கள் ஒரே விளையாட்டிற்கு நூற்றுக்கணக்கானோரை அமர்த்துகின்றன. சிலவற்றில் ஆயிரத்தையும் மிஞ்சும். சிறு நிறுவனத்தின் வாழ்வு வேறு. கதை, சித்திரம், இசை, கணினி நிரல், பிழை பார்த்தல் ஆகிய அத்தனையும் ஒரு சிலர் தலையில் விழும். பெரும்பாலும் விற்பனைக்கு வரும் வரையில் வருமானமும் இராது. கிளைப்பாதையில் உள்ள சிற்றூர் நிலையத்தில் ஒரே அன்பர் பயணச்சீட்டும் கொடுத்து, பார்சலுக்கு ரசீதும் எழுதி, வண்டி வந்ததும் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைக் கண்டவர்களுக்கு இது புரியும்.

அத்தகையோர் பெரியோருடன் போட்டியிட்டு மாளிகையும் போர்க்களமும் வரைய முற்பட்டால் பாதி வழியில் நின்றிருப்பர். இவர்களோ ஒரு சமையலறை, மூன்று பேர் கொண்ட குடும்பம், சில பலகாரங்கள் என்று எல்லை வகுத்துக்கொண்டனர். ஒன்றரை மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடுகிறது. ஆயினும் அந்த எல்லைக்குள் ஒன்றையும் அரைகுறையாக விடவில்லை. அயலார்க்குப் புரியாதே என்றஞ்சி இட்டிலியை வேறு பண்டமாக மாற்றவுமில்லை. அயலார் அதை ஒதுக்கிவிடவில்லை. சுதந்திரமான சிறு படைப்பாளிகளுக்கென அமெரிக்காவில் நடைபெறும் விழாவில், 2024 மார்ச்சில், ஷேமஸ் மெக்னாலி பெரும்பரிசு இதற்குக் கிட்டியது. அடுத்த மாதமே பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு, முதற்படைப்புக்கான விருதை வழங்கிற்று.

பரிசுச் செய்தியோடு முடித்திருந்தால் நமக்கும் நிம்மதியாயிருக்கும். ஆனால் கதையில் ஓரிடம் உண்டு. வளர்ந்துவிட்ட கவின் அக்குறிப்பேட்டைத் திறக்கிறான். அழிந்த எழுத்து மட்டுமன்று, அழியாத எழுத்தும் அவனைத் தடுக்கிறது. அவனுடைய தமிழ் அவ்வளவே. அருகில் அமர்ந்திருந்த நம் மகள், வயது பத்து, திரையைச் சுட்டி, "அப்பா, என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டாள்.

நமக்கு விடை சொல்ல நா எழவில்லை. நம் வீட்டிலும் ஒரு குறிப்பேடு இருக்கிறது. இல்லாள் முதன்முதல் இவ்வூருக்கு ரயிலேறியபோது நம் தாயார் எழுதித் தந்த நாற்பது பக்க நோட்டு அது. பருப்புப் பொடி முதல் வற்றற்குழம்பு வரை அதில் உண்டு. தாயார் மறைந்து மூன்றாண்டாயிற்று. மகள் இந்தியில் முதல் மதிப்பெண் வாங்குகிறாள். ஆங்கிலத்தில் நம்மையே திருத்துகிறாள். பாட்டியின் கையெழுத்தில் ஒரு வரி படிக்கமாட்டாள். குற்றம் அவளுடையதன்று. சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிற்கு அனுப்புமாறு செயலாளர் இருமுறை சொல்லியும், ஒரு நாள் ஓய்வு போய்விடுமே என்று தட்டிக் கழித்தவர் நாமே.

விசை கேம்ஸ் நண்பர்கள் செய்தது போல் விளையாட்டு ஆக்க நம்மால் இயலாது. ஆனால் எல்லையைச் சிறிதாக வகுத்துக்கொண்டு, அதற்குள் அரைகுறையின்றிச் செய்வது நமக்கும் இயலும். குழந்தைக்கு இலக்கியம் முழுதும் புகட்ட வேண்டுமென்று மலைத்து நிற்பதைவிட, வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுதிய ஒரே ஒரு சமையற் குறிப்பை அதுவே படித்து, அதுவே ஒரு தாளில் எழுதி வரும்படி செய்வோம். பெரியவர்கள் எழுதாத வீட்டில், சொல்லச் சொல்லக் குழந்தையே எழுதட்டும். வந்து சேரும் தாள்களை இப்பகுதியில் வெளியிட ஆசிரியர் இசைந்திருக்கிறார்.

கடந்த நான்கு ஞாயிறுகளாக மகளும் நாமும் வகுப்பிற்குச் சென்று வருகிறோம். நேற்று மாலை பாட்டியின் நோட்டை விரித்து, எழுத்துக் கூட்டி, 'உப்பு' என்று படித்தாள். அதற்கடுத்த சொல்லின்மேல் எண்ணெய் சிந்தியிருக்கிறது. அதை நம்மாலும் படிக்க முடியவில்லை. "பெருங்காயமாயிருக்கும், அடுத்த முறை சேர்த்துப் பார்ப்போம்" என்கிறாள் இல்லாள்.

அடுத்த திங்கள் சந்திப்போம்.