பிரம்பும் வேண்டாம், டி.சி.யில் குறிப்பும் வேண்டாம்

மாணவர் நடத்தை, படிப்பில் அக்கறையின்மை குறித்து அரசு, அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் சங்கத்தின் நிலைப்பாடு

எங்கள் கிளைக் கூட்டங்களில் பழைய ஓய்வூதியத்துக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்படுவது மாணவர்களின் நடத்தைதான். கடைசி பெஞ்சில் தலை கவிழ்ந்து படுத்திருப்பவனை எழுப்பினால், "நான் என்ன சார் டிஸ்டர்ப் பண்றேன்?" என்கிறான். நோட்டைக் கேட்டால் நோட்டே வாங்கவில்லை என்கிறான். "எழுதலன்னா என்ன பண்ணுவீங்க மிஸ்?" என்று கேட்கும் பையனின் குரலில் திமிர்கூட இருப்பதில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பது போலத்தான் கேட்கிறான். பெண் ஆசிரியர்கள் பலகையின் பக்கம் திரும்பியதும் எழும் சத்தங்களை இங்கே எழுத வேண்டியதில்லை. இருபது, இருபத்தைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர்களே விருப்ப ஓய்வு பற்றிப் பேசுகிறார்கள்.

இது குறித்து ஊரில் இரண்டே கருத்துகள்தான் உலவுகின்றன. பிரம்பைப் பிடுங்கியதால் பிள்ளைகள் கெட்டார்கள் என்பது ஒன்று. கை நிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டு வாத்தியார்கள் புலம்புகிறார்கள் என்பது மற்றொன்று. சங்கம் இரண்டையும் ஏற்கவில்லை. பிரம்பு போனது சரி. அது இருந்த இடத்தில் வேறு எதையும் வைக்காமல் விட்டார்களே, அதுதான் எங்கள் புகார்.

பிரம்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் எங்கள் உறுப்பினர்களிலேயே அதற்கு ஏங்குகிறவர்கள் உண்டு. தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி 2003-இல் திருத்தப்பட்டபோதே பள்ளியில் அடிப்பது தடை செய்யப்பட்டுவிட்டது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடலை வருத்துவதோடு மனத்தை வருத்துவதையும் தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று சேர்க்கையன்று ஒப்படைத்துவிட்டுப் போன தலைமுறையில், அடி வாங்கியவர்களில் எத்தனை பேர் படித்து மேலே வந்தார்கள், எத்தனை பேர் எட்டாம் வகுப்போடு ஓடிப்போனார்கள் என்று யாரும் கணக்கு எடுக்கவில்லை. "வாத்தியார் அடித்ததால்தான் இன்று நான் கலெக்டர்" என்று மேடையில் பேச வருகிறவர் கலெக்டர் ஆனவர் மட்டுமே. ஓடிப்போனவரை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை.

அடுத்தது மாற்றுச் சான்றிதழ் (டி.சி.). 2022 ஏப்ரலில் ஆசிரியர்களை மாணவர்கள் மிரட்டும் காணொளிகள் அடுத்தடுத்துப் பரவின. மே மாதம் பள்ளிக்கல்வித் துறை அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி, இப்படி நடந்துகொள்ளும் மாணவர்கள் நிரந்தரமாக நீக்கப்படுவார்கள், காரணம் டி.சி.யிலும் நன்னடத்தைச் சான்றிதழிலும் எழுதப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். அன்று எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் கைதட்டல் பறந்தது. ஆனாலும் சங்கம் இதை எதிர்க்கிறது. எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் நீக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கு மேல் படிக்கும் பதினாறு வயதுப் பையனின் டி.சி.யில் அப்படி ஒரு வரி ஏறினால் எந்தப் பள்ளியும் அவனைச் சேர்க்காது. இது ஆசிரியருக்கும் தெரியும் என்பதால் மனச்சாட்சி உள்ளவர் அதை எழுதமாட்டார். எழுதமாட்டார் என்பது மாணவனுக்கும் தெரியும். ஆக, யாரும் எடுக்காத ஆயுதம் அது. தாக்குதல், பாலியல் சீண்டல் போன்றவற்றுக்கு இளைஞர் நீதிச் சட்டம் இருக்கிறது. அவற்றை ஒழுங்கீனம் என்று சுருக்கிப் பள்ளிக்குள்ளேயே பேசி முடிப்பதையும் நாங்கள் ஏற்கவில்லை.

பிரம்புக்கும் டி.சி.க்கும் நடுவில் இன்று பள்ளியிடம் இருப்பது "அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்ற ஒரு வாக்கியம் மட்டுமே. அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார். அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும். கடைசியில் பாட்டி வருவார். தலைமையாசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலி கொடுத்தும் உட்காராமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவார். "தகப்பன் இல்லாத மாதிரிதான்யா, நீங்கதான் பாத்துக்கணும்." புகார் சொல்ல வந்த ஆசிரியர் அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைப்பார். பையன் வகுப்புக்குத் திரும்புவான். நடந்தது எதுவும் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அடுத்த வாரம் அதே பாட்டி, அதே அழுகை.

படிப்பில் அக்கறை இல்லை என்ற புகார் வேறு விஷயம். மரியாதைக் குறைவோடு சேர்த்து இதையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதால்தான் பேச்சு எங்கும் போய்ச் சேருவதில்லை. இந்தத் தலைமுறைக்கு உழைக்கத் தெரியாது என்பதைச் சங்கம் ஏற்கவில்லை. முகூர்த்த நாளன்று பதினோராம் வகுப்புக்குள் போய்ப் பாருங்கள். கேட்டரிங் வேலைக்குப் போன பையன்கள் தூங்கி விழுவார்கள். சாயங்காலம் மண்டபத்துக்குப் போய், ரிசப்ஷன் பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடி, இலை எடுத்து, மேசை துடைத்து, விடியற்காலை டிபன் பந்திக்கு மறுபடி இலை போட்டவர்கள் அவர்கள். காண்ட்ராக்டர் ஒரு சத்தம் போட்டால் ஓடுகிறான். அதே பையன் ரெக்கார்ட் நோட்டில் ஒரு படம் வரைய மாட்டேன் என்கிறான். சோம்பேறியாக இருந்தால் இரண்டு இடத்திலும் அல்லவா இருக்க வேண்டும்? அங்கே வேலை செய்தவனுக்குத்தான் கூலி. இங்கே செய்தவனுக்கும் செய்யாதவனுக்கும் ஒரே கூலி என்று அவன் கண்டுகொண்டான்.

அவன் கண்டுகொண்டது பொய்யும் இல்லை. மேல்நிலை வகுப்பில் ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள 100 மதிப்பெண்ணில் 10 அகமதிப்பீடு. ஆண்டு முழுக்கச் செய்த வேலைக்காக வைக்கப்பட்டது அது. நடைமுறையில் பெரும்பாலான பள்ளிகளில் எல்லோருக்கும் பத்துக்குப் பத்து. ஓர் ஆசிரியர் ஆறு போட்டால், "ரிசல்ட் அடிபட்டால் நீங்களா பதில் சொல்வீர்கள்?" என்ற கேள்வி மேலே இருந்து வரும். தேர்ச்சி விழுக்காட்டுக்காக மெல்லக் கற்போர் கையில் "மினிமம் மெட்டீரியல்" திணிக்கப்படுகிறது. பாடப்புத்தகம் பையில் இருக்கும், தேர்வுக்கு அந்தச் சில பக்க ஜெராக்ஸ் போதும். குறைந்தபட்சம் போதும் என்று நாமே அச்சடித்துக் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் குறைந்தபட்சம்தான் செய்கிறார்கள் என்று வருத்தப்படுவதில் பொருளில்லை.

2018-இல் தொடங்கிய பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 முதல் இல்லை என்று மாநிலக் கல்விக் கொள்கை அறிவித்தபோது, இனிப் பிள்ளைகளைப் பிடிக்கவே முடியாது என்று கிளைகளில் குரல் எழுந்தது. அந்தத் தேர்வு ஏன் வந்தது என்பதை நினைவூட்டுகிறோம். பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிக் குதித்து இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே பல பள்ளிகள் நடத்தியதால் வந்தது. அங்கே பாடத்தை ஏமாற்றியது மாணவர்கள் இல்லை.

எட்டாம் வகுப்பு வரையிலான கட்டாயத் தேர்ச்சி பற்றியும் எங்களுக்குள் கடும் சண்டை உண்டு. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் ஐந்திலும் எட்டிலும் நிறுத்திவைக்கலாம் என்று விதியை மாற்றியது. தமிழ்நாடு மறுத்தது. மறுத்ததைச் சங்கம் ஆதரிக்கிறது. அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்காரவைத்தால் வாசிப்பு வந்துவிடாது. ஆனால் வாசிக்கத் தெரியாமலே ஒன்பதாம் வகுப்புக்கு வந்து நிற்கும் பிள்ளையை என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது நான்காம் வகுப்பில் இருந்த குழந்தை, 2021 நவம்பரில் கதவு திறந்தபோது ஆறாம் வகுப்பில் இருந்தது. அந்தக் குழந்தைதான் 2025-26-இல் பத்தாம் வகுப்பில் உட்கார்ந்தது. வினா எண்ணை அழகாகப் போட்டு, அடிக்கோடிட்டு, கீழே கேள்வியையே இன்னொரு முறை எழுதிவைத்த விடைத்தாள்களைத் திருத்திய எவருக்கும் இது தெரியும். மார்ஜின் கோடு நேராக இருக்கும், கையெழுத்தும் மோசமில்லை, விடை மட்டும் இருக்காது. அந்தப் பிள்ளையை வகுப்பில் எழுப்பி "வாசி" என்றால், வாசிக்கத் தெரியாது என்று நாற்பது பேர் முன் காட்டிக்கொள்வதைவிட ஆசிரியரை எதிர்த்துப் பேசுவது அதற்குக் கௌரவம். நாம் மரியாதைக் குறைவு என்று எழுதுவதில் ஒரு பெரும் பங்கு இதுதான்.

எல்லாமே இதுதான் என்று சொல்லவில்லை. பெண் என்பதற்காகவும் சாதிக்காகவும் ஆசிரியரை இழிவு செய்கிற மாணவர்கள் இருக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவர் ஒருவர் உடன் படித்தவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வண்ணக் கயிறு போன்ற சாதி அடையாளங்களைப் பள்ளிக்குள் தடுக்கச் சொன்னது. வாசலில் நின்று கயிற்றை அறுக்கும் வேலை ஆசிரியர் தலையில் விழுகிறது. அதைக் கட்டிவிடும் ஊர்ப் பெரியவர்களிடம் பேசும் வேலையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அது மாவட்ட நிர்வாகத்தின் வேலை.

ஆசிரியர்களுக்கும் சில வார்த்தைகள். சாதிப் பெயர் சொல்லி அழைப்பவரையும், "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்பவரையும் சங்கம் காப்பாற்றாது. வகுப்பை மாணவன் படம் பிடிப்பது தவறு என்கிறோம். தப்பும் தவறுமாக வாசிக்கும் மாணவனைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போடுவதும் அதே தவறு. பார்த்ததும் எழுந்து நிற்பது, காலில் விழுவது, செப்டம்பர் 5 அன்று சால்வை போர்த்துவது ஆகியவை எங்கள் கோரிக்கையில் இல்லை. வகுப்பு நடக்க விட வேண்டும், கொடுத்த வேலையைச் செய்ய வேண்டும் என்பதுதான் நாங்கள் கேட்கும் மரியாதை.

அரசிடம் கேட்பது அதிகமில்லை. என்ன தவறுக்கு யார் என்ன செய்வது என்ற நடைமுறை ஒவ்வொரு பள்ளியிலும் எழுத்தில் இருக்க வேண்டும். வகுப்பைக் குலைத்த மாணவன் அன்றே ஒரு மணி நேரம் தனியறையில், ஆசிரியர் மேற்பார்வையில், விட்ட வேலையைச் செய்து முடிக்கட்டும். அது பதிவேட்டில் ஏறட்டும். மூன்று முறை ஏறினால் பள்ளி மேலாண்மைக் குழு மாணவனையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கட்டும். பெற்றோர் கூட்டம் கூலி போகாத நேரத்தில், மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ நடக்கட்டும். 2012 பிப்ரவரியில் சென்னையில் ஓர் ஆசிரியை வகுப்பறையிலேயே ஒன்பதாம் வகுப்பு மாணவனால் குத்திக் கொல்லப்பட்டபோது எல்லோரும் உளவியல் ஆலோசகர் பற்றிப் பேசினோம். பிறகு வந்தவை நடமாடும் ஆலோசனை வண்டிகள், அதுவும் ஒரு வண்டிக்குப் பல மாவட்டங்கள். ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளிக்கும் ஓர் ஆலோசகர் வேண்டும். வாசிப்புப் பயிற்சி மாலை நான்கு மணிக்குப் பிறகு ஒட்டவைப்பதாக இல்லாமல் கால அட்டவணைக்குள் வர வேண்டும். அதற்கு நேரம் எங்கே என்று கேட்டால், கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் நாங்கள் ஏற்றிக்கொண்டிருக்கும் பட்டியல்களைக் காட்டுகிறோம்.

எங்கள் பங்குக்கு, உறுப்பினர்கள் அகமதிப்பீட்டை இந்த ஆண்டு முதல் செய்த வேலைக்கேற்பப் போடுவார்கள். ஆதாரத்தோடு ஆறு போட்ட ஆசிரியருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால் சங்கம் அவருக்காக நிற்கும், வழக்கானால் செலவையும் ஏற்கும். மாணவரை அடித்தது உண்மை என்று தெரியவந்தால் அந்த உறுப்பினருக்கு இனி வழக்குச் செலவு தரப்படாது. இந்தக் கடைசித் தீர்மானத்தை எதிர்ப்பவர்கள் உண்டு. அவர்கள் எழுத்தில் கொடுத்தால் அடுத்த பொதுக்குழுவில் முதல் பொருளாக வாசிக்கப்படும்.