அறுபது வந்தால் பென்சன் வருமா?

“சேர், அறுபது வந்தால் எனக்கும் பென்சன் வருமோ?”

வட்டுக்கோட்டையில் நான் படிப்பிக்கும் பிள்ளையொன்றின் அப்பப்பா கேட்ட கேள்வி இது. அவருக்கு வயது 58. மேசன் வேலை செய்தவர். பதினேழு வருடங்களுக்கு முன்னர் கட்டடமொன்றிலிருந்து விழுந்து முள்ளந்தண்டில் அடிபட்டது. அன்று முதல் சக்கர நாற்காலிதான். மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவு மாதாமாதம் கிடைக்கிறது. பக்கத்து வீட்டில் இளைப்பாறிய அரச உத்தியோகத்தர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு வருவதுபோல் ஒரு வயதில் தனக்கும் ஏதோ மாறி வரும் என்று இவர் நம்பியிருந்தார்.

வராது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

இலங்கையில் ஓய்வூதியம் என்பது பிரதானமாக அரச ஊழியருக்குரியது. தனியார் துறையினருக்கு 1958 முதல் ஊழியர் சேமலாப நிதி உண்டு. ஊழியர் 8 வீதம், தொழில் வழங்குநர் 12 வீதம். விவசாயிகளுக்கு 1987 இலும் மீனவர்களுக்கு 1990 இலும் தனித்தனி ஓய்வூதியத் திட்டங்கள் வந்தன. இவை எல்லாவற்றுக்கும் வாசல் ஒன்றுதான்: உழைப்பு. உழைக்கும் காலத்தில் எங்கோ பெயர் பதிந்திருக்க வேண்டும், அல்லது பணம் கட்டியிருக்க வேண்டும். நாட்கூலிக்குப் போன மேசனுக்கு விழுவதற்கு முன்னரும் அந்த வாசல் திறந்திருக்கவில்லை. விழுந்த பின்னர் கேட்கவே வேண்டியதில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவு 5,000 ரூபாவாக இருந்து, 2024 இல் 7,500 ஆகி, 2025 இல் 10,000 ஆனது. நல்ல விடயம், மறுப்பதற்கில்லை. ஆனால் அது குடும்பத்தின் வறுமையைப் பார்த்துக் கொடுக்கப்படும் நிவாரணம். அதை வாங்கிய வருடங்கள் எந்த ஓய்வூதியக் கணக்கிலும் சேர்வதில்லை. பதினேழு வருடமும் கணக்கில் வெறும் பூச்சியம்.

வயது விடயத்திலும் ஒரு விநோதம் இருக்கிறது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி 60 வயதானவர் முதியவர். ஆனால் முதியோர் கொடுப்பனவு 70 இல்தான் ஆரம்பிக்கிறது. அதுவும் 2025 இல் கூட்டிய பின்னர் 5,000 ரூபா. மாற்றுத்திறனாளிக்குக் கொடுப்பதில் சரிபாதி. வயது கூடக்கூட மருந்துச் செலவும் பராமரிப்புச் செலவும் குறையும் என்று யார் கணக்குப் பார்த்தார்களோ தெரியாது.

பிரித்தானியாவில் இருக்கும் என் சாச்சாவின் மகனுக்குப் பக்கவாதம் வந்து வேலைக்குப் போக முடியாமல் போனது. வேலை செய்ய இயலாதோருக்கான உதவித்தொகையில் பல வருடங்கள் இருந்தார். 66 வயதானதும் அந்தத் தொகை நின்று அரச ஓய்வூதியம் ஆரம்பமானது. எனக்கு வியப்பளித்தது வேறொன்று. உதவித்தொகை பெற்ற வருடங்களுக்கும் தேசியக் காப்புறுதிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருந்தது. அங்கே ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 வருடக் கணக்கு வேண்டும், முழுத் தொகைக்கு 35 வருடம். நோயில் படுத்திருந்த காலமும் அந்தக் கணக்கில் வருகிறது. பராமரிப்புக்கென்று தனியாகப் பெற்றுவந்த தொகையும் நிற்கவில்லை.

அங்கும் குறைகள் உண்டு. ஓய்வூதிய வயதுக்குப் பின்னர் இயலாமை வந்தவருக்கு நடமாட்டத்துக்கான உதவித்தொகை கிடையாது. ஓய்வூதியமும் தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். அந்த நாட்டின் பணம் நம்மிடம் இல்லை என்று சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் அயலிலுள்ள இந்தியாவைப் பாருங்கள். மத்திய அரசின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் மாதம் வெறும் 300 ரூபா. இருந்தும் 80 வயதானதும் அவர் முதியோர் ஓய்வூதியத்துக்கு மாறி 500 ரூபா பெறுவார் என்று விதி எழுதப்பட்டிருக்கிறது. தொகை அற்பம்தான். ஆனால் மாறும்போது கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

என்னையே எடுத்துக்கொள்கிறேன். கலாசாலையில் பயிற்சி முடித்து நியமனம் பெற்று இருபது வருடங்களாகின்றன. நாளை நான் விழுந்து படுத்தாலும் மருத்துவச் சபை என்னை ஓய்வூதியத்தோடுதான் வீட்டுக்கு அனுப்பும். நான் நிற்கும் வகுப்பறையைப் போன்றதொன்றைக் கட்டிய மேசனுக்கு அது இல்லை.

சுயதொழில் செய்வோருக்கும் முறைசாராத் தொழிலாளருக்கும் பங்களிப்பு ஓய்வூதியம் வழங்கச் சமூகப் பாதுகாப்புச் சபை ஏற்கெனவே இருக்கிறது. மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு பெறும் ஒவ்வொருவரின் பெயரிலும் அரசாங்கமே அங்கே ஒரு சிறு தொகையை மாதாமாதம் கட்டலாம். புதிய திணைக்களமோ புதிய அமைச்சோ தேவையில்லை. கொடுப்பனவு பெறுவோரின் பட்டியல் பிரதேச செயலகங்களில் இருக்கிறது. வரவு செலவுத் திட்டம் வரும்போதெல்லாம் எத்தனை ஆயிரம் கூட்டுவது என்றே பேசுகிறோம். அந்த வருடங்களை எண்ணுவது பற்றி நம் பிரதிநிதிகள் எவரும் பேசி நான் கேட்டதில்லை.

போன கிழமை அவரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அறுபது ஆனதும் முதியோர் அடையாள அட்டை எடுக்கலாம், சங்கானையிலுள்ள பிரதேச செயலகத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன்.

“அட்டை கிடக்கட்டும் சேர், இருக்கிற பத்தாயிரத்தை வெட்டமாட்டினம்தானே?” என்று கேட்டார்.