ஆண் எலி என்கிற வசதி

எலியால் வாந்தி எடுக்க முடியாது. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து மனிதர்களைக் குடலைப் பிடுங்குகிற மாதிரி வாந்தி எடுக்க வைக்கும். எலிக்கு அதையே கொடுத்தால், பக்கத்தில் வைத்த களிமண்ணை எடுத்துத் தின்னும், அவ்வளவுதான். அதனால் வாந்தியை ஆராய ஃபெரட் என்ற, கீரி மாதிரியான பிராணியைத் தேடிப் போனார்கள். பூனை கதை இன்னும் மோசம். நாய்க்குப் போடுகிற சிஸ்பிளாட்டினைப் பூனைக்குப் போட்டால் நுரையீரலில் நீர் கோத்துச் செத்துவிடும்.

விஞ்ஞானிகளுக்கு இது தெரியும். தெரிந்ததால்தான் மெனக்கெட்டார்கள். 1966இல் எமில் ஃப்ரைரைக்கும் அவருடைய சகாக்களும் 18 புற்றுநோய் மருந்துகளை எடுத்துக்கொண்டு சுண்டெலி, எலி, வெள்ளெலி, நாய், குரங்கு, மனிதர் எனத் தாங்கும் அளவை ஒப்பிட்டார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று பார்த்தால் கணக்கு உதைத்தது. உடலின் மேற்பரப்புக்கு இவ்வளவு என்று பார்த்தபோது ஏறக்குறைய பொருந்தியது. கிலோ கணக்கில் சுண்டெலி தாங்குவதில் சுமார் பன்னிரண்டில் ஒரு பங்குதான் மனிதருக்கு. நல்ல வேலை. அதில் எனக்குப் புகார் இல்லை.

இனம் மாறினால் விளைவு மாறும் என்றதும் சூத்திரம் போட்டவர்கள், ஆண் பெண் என்று வந்ததும் என்ன செய்தார்கள்? பெண் எலியைக் கூண்டிலிருந்தே தூக்கிவிட்டார்கள். நாலைந்து நாளுக்கு ஒருதரம் ஹார்மோன் ஏறி இறங்குதாம், டேட்டா ஆட்டம் காணுதாம். டெஸ்ட் ஃபெயில் ஆச்சுன்னு டெஸ்ட்டையே டெலிட் பண்ற ஜூனியரை நாங்க சும்மா விடுவோமா? 2011இல் பியரியும் ஸுக்கரும் எண்ணிப் பார்த்தார்கள். மருந்தியலில் ஆணை மட்டும் வைத்துச் செய்த ஆய்வுகள், பெண்ணை மட்டும் வைத்துச் செய்தவற்றைப் போல் 5 மடங்கு. அந்த ஹார்மோன் சாக்காவது உண்மையா? பெண் சுண்டெலிகளின் அளவீடுகள் ஆணுடையதைவிட அதிகம் அலைவதில்லை என்று 2014இல் இன்னொரு ஆய்வு பழைய தரவுகளை அலசிச் சொல்லிவிட்டது.

மருந்துக்கு அனுமதி வாங்கும் நச்சுச் சோதனையில் இரண்டு பாலையும் சேர்க்கிறார்களே என்பீர்கள். சரி, சேர்க்கிறார்கள். அப்புறம்? கடைசியில் வெளியே வருவது ஒரே டோஸ்.

ஃபுளோரோயுராசில் பெண் உடலிலிருந்து ஆணைவிட மெதுவாக வெளியேறுகிறது. புதுச் செய்தி இல்லை இது, பல வருஷமாகத் தெரிந்த சமாச்சாரம். 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, 1980 முதல் 2019 வரை புற்றுநோய் சிகிச்சைச் சோதனைகளில் கலந்துகொண்ட 23,000க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தது. கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு பெண்களுக்கு 34 சதவீதம் அதிகம். இதை 'பெண்கள் விவகாரம்' என்று ஒதுக்குகிற ஆண்களும் யோசிக்கலாம்: மருந்து சீக்கிரம் வெளியேறிவிடும் உடலுக்கு அதே டோஸ் போதாமல்கூடப் போகலாம்.

ஃபுளோரோயுராசில் டோஸ் போடும்போது உயரம் கேட்பார்கள், எடை கேட்பார்கள், மேற்பரப்பைக் கணக்கிடுவார்கள். ஆணா பெண்ணா என்பதும் அதே தாளில்தான் இருக்கும், மேலே, பெயருக்குப் பக்கத்தில். கணக்குக்குள் மட்டும் வராது.