மாலை வேண்டாம்; விலை கொடுங்கள்!

எழுத்தாளனைப் போற்றுவதில் தமிழன் எவர்க்கும் இளைத்தவன் அல்லன். ஆனால் அவன் போற்றும் எழுத்தாளன் மாண்டவனாக இருத்தல் வேண்டும். அல்லது மாலையை ஏற்றுக்கொண்டு மேடையில் வாய்மூடி அமர்ந்திருப்பவனாக இருத்தல் வேண்டும். தன் புத்தகத்துக்கு விலை கேட்பவனாக மட்டும் இருத்தல் கூடாது! இந்த மனப்பான்மையே சுதந்திரமாகக் கதை எழுதுவோனுக்கு முதற் பகை என்கிறோம்.

சுதந்திர எழுத்தாளன் என்பான் யாவன்? வள்ளலின் வாயிலில் நில்லாதவன். கட்சிக்கோ மடத்துக்கோ முதலாளிக்கோ தன் பேனாவை அடகு வையாதவன். தமிழில் நாவலுக்கு வழி திறந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப் உத்தியோகம் பார்த்தவர். 1879ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' அவருக்குச் சோறு போடவேண்டிய அவசியம் நேரவில்லை. எழுத்தையே பிழைப்பாகக் கொள்ளத் துணிந்தவனின் கதி யாதென அறிய விரும்புவோர் புதுமைப்பித்தனின் வாழ்வை நோக்குவாராக.

சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயருடைய அவர் 1906இல் பிறந்தார், தாசில்தாரின் புதல்வர், பி.ஏ. பட்டம் பெற்றவர். பட்டதாரிகள் அரசாங்க உத்தியோகத்துக்குத் தவங்கிடந்த காலத்தில், அவர் பேனாவை நம்பிச் சென்னைக்குச் சென்றார். 'மணிக்கொடி'யில் எழுதினார். 1934இல் வெளிவந்த 'பொன்னகர'த்தில், கற்பைப் பற்றி வாய்கிழியப் பேசுவோரின் முகத்தில் ஏழைப் பெண்ணின் பசியை எடுத்து வீசினார். 1935இல் 'துன்பக்கேணி' வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகச் சென்ற மருதி என்னும் பெண்ணின் கதை அது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் பாட்டன் பாட்டிமார் பட்ட பாடும் அதற்கு அந்நியமானதன்று. நம்மவரின் துயரம் கதையாவதற்குத் தகுதியுடையது என்று காட்டியவர் எந்த வள்ளலையும் கேட்டா எழுதினார்? கேட்டிருந்தால் எழுதத்தான் முடிந்திருக்குமா?

அச்சுதந்திரத்துக்கு அவர் கொடுத்த விலையையும் கேளுங்கள். 1943இல் 'தினமணி' ஆசிரியர் டி. எஸ். சொக்கலிங்கம் நிர்வாகத்தோடு முரண்பட்டு விலகியபோது, புதுமைப்பித்தனும் வேலையைத் துறந்து உடன் வெளியேறினார். பின்னர் 'தினசரி'யில் சிலகாலம் பணி செய்தார். அதையும் விட்டுச் சினிமாவை நாடினார். சொந்தப் படம் எடுக்க முயன்று கைப்பொருளை இழந்தார். படத்துக்கு வசனம் எழுதப் புனாவுக்குச் சென்றவரைக் காசநோய் பற்றிக்கொண்டது. 1948இல் திருவனந்தபுரத்தில் உயிர் நீத்தார். அப்போது வயது 42!

அவர் மறைந்தபின் நடந்தது என்ன? குடும்பத்துக்கென நிதி திரட்டினார்கள். உயிரோடிருக்கும்போது கைவிட்டுச் செத்தபின் நிதி திரட்டும் வழக்கத்தை அவர் தம் கவிதையிலேயே எள்ளி நகையாடியிருந்தார் என்பதை எண்ணும்போது நாணாதவர் யார்? அந்நிதி தந்தவர்களை நாம் குறை கூறவில்லை. காலத்தில் புத்தகம் வாங்கியிருந்தால் கையேந்தும் தேவையே எழுந்திராது என்பதே நம் வாதம்.

இனி, நம் நாட்டு நிலையைப் பார்ப்போம். புதுமைப்பித்தன் மறைந்து பல்லாண்டுகள் சென்றும் நோய் தீரவில்லை. எழுத்தாளன் கடன்பட்டு நூலை அச்சிடுகிறான். வெளியீட்டு விழா கூட்டுகிறான். தலைவர் வருகிறார், உறையிலிட்ட பணத்தைக் கொடுத்து 'முதல் நூல்' பெறுகிறார், படம் பிடித்துக்கொள்கிறார், நூலைப் பிரித்தும் பாராமல் போகிறார். நாமோ விருந்துண்டு, கைதட்டி, "எனக்கொரு பிரதி இனாமாகக் கிடையாதா?" என்று கேட்டு வீடு திரும்புகிறோம். அடுத்த கதையில் அத்தலைவரின் ஊழலை அவ்வெழுத்தாளன் தீட்டுவானா? அவன் கை கூசாதா? நூறு பேர் தரும் ஒவ்வொரு வெள்ளி எழுத்தாளனுக்குக் கூலி. ஒருவர் தரும் நூறு வெள்ளி அவனுக்கு விலங்கு!

"எழுத்து புனிதத் தொண்டு, அதற்குக் காசு கேட்கலாமா?" என்பர் சிலர். நன்று! விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று, பால்மரம் சீவச் செல்லும் தொழிலாளியிடம், "ரப்பர் நாட்டுக்குச் செல்வம் தருகிறது, உன் உழைப்பு புனிதமானது, ஆகவே கூலி கேளாதே" என்று எந்தத் துரையாவது சொன்னால் ஒப்புவீர்களா? உடலுழைப்புக்கு ஒரு நீதி, அறிவுழைப்புக்கு மற்றொரு நீதியா?

"நாங்கள் ஏழைகள்" என்பர் வேறு சிலர். உண்மை, ஏழைகள் நம்மிடையே உண்டு. பத்து வீட்டார் கூடி ஒரு நூல் வாங்கி, ஒருவர் படிக்க மற்றவர் கேட்பதை யார் குறை சொல்வார்? அந்நாளில் லயங்களில் ஒரு பத்திரிகையைப் பலர் கூடிக் கேட்டே அறிவு பெற்றார்கள். ஆனால் திருவிழாவுக்கும் திருமண ஆடம்பரத்துக்கும் கடன் வாங்கிச் செலவிடுபவர் புத்தகத்தின் விலையைக் கேட்டவுடன் ஏழையாகிவிடுவதை நாம் ஒப்பமாட்டோம்.

புதுமைப்பித்தனின் நூல்கள் 2002ஆம் ஆண்டில் நாட்டுடைமையாக்கப்பட்டன. அவரை இன்று எவரும் தடையின்றி அச்சிடலாம். அவருக்கு நாம் செய்யக்கூடிய உதவி இனி ஒன்றுமில்லை. நம் தோட்டத்திலும் பட்டணத்திலும் இன்று இரவு கண்விழித்து எழுதிக்கொண்டிருப்பவனுக்குச் செய்யக்கூடியது உண்டு.

தோழர்களே! அடுத்த விழாவுக்குச் செல்லும்போது மாலையை விட்டுச் செல்லுங்கள். நூலின் விலையை எடுத்துச் செல்லுங்கள். வாங்கியதைப் படியுங்கள். பிடிக்கவில்லையேல் கண்டித்து எழுதுங்கள். விலை கொடுத்தவனுக்கே கண்டிக்கும் உரிமை முழுமையாக உண்டு. விலை பெற்றவனுக்கே அஞ்சாது எழுதும் வன்மை உண்டு.